பத்திலக்க எண் ஒன்றைப் பகுத்தல்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்னும் எண்ணை ஒருவர் எழுதிக் காட்டின், அதன்கண் யாதொரு சிறப்பும் நமக்குத் தோன்றாது. 4294967297 என இலக்கத்தால் எழுதினும், பெரியதொரு வர்த்தக நிலையத்தின் ஆண்டுக் கணக்கில் காணப்படும் தொகைகளுள் ஒன்றெனக் கருதி அப்பாற் செல்வோம். ஆயினும் இவ்வெண், ஐரோப்பாவின் தலைசிறந்த கணித அறிஞருள் ஒருவர் கொண்ட பிழையான நம்பிக்கைக்குச் சான்றாக நிற்பது. அப்பிழை வெளிப்பட 92 ஆண்டுகள் சென்றன. நம் கலாசாலைச் சஞ்சிகையில் இதனைப் பற்றிச் சில பக்கங்கள் எழுத யாம் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. அதனை முன்னர்க் கூறுவோம். கணிதம் பயிலாத நண்பர்கள் தலைப்பைக் கண்டவுடனே ஏட்டைப் புரட்டிவிடாதிருக்க வேண்டுகிறோம். பெருக்கலும் வகுத்தலும் அறிந்தார் எவரும் பின்வருவனவற்றைத் தொடர்ந்து வரலாம்.

சென்ற பருவத்தில் இளங்கலை முதலாண்டு வகுப்பொன்றில் 3, 5, 17, 257, 65537 என்னும் ஐந்து எண்களைக் கரும்பலகையில் எழுதினோம். 2, அதன் வர்க்கமாகிய 4, அதன் வர்க்கமாகிய 16, அதன் வர்க்கமாகிய 256, அதன் வர்க்கமாகிய 65536 என்னும் இவற்றோடு தனித்தனியே 1 கூட்டப் பெறுவன அவை. ஐந்தும் பகா எண்கள்; அஃதாவது 1ஆலும் தம்மாலும் அன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. 65536இன் வர்க்கம் 4294967296. அதனோடு 1 கூட்டிய 4294967297 என்பதும் பகா எண்தானோ என வினவினோம். ஏறத்தாழ வகுப்பு முழுவதும் 'ஆம்' என்றது. ஏன் என்றதற்கு, 'முன்னைய ஐந்தும் அவ்வாறே இருக்கின்றன அல்லவா, ஐயா' என்றனர். ஒருவர் மட்டும் வாய் திறவாது மேசைக்கடியில் கைப்பேசியை நோக்கியிருந்து, அரை நிமிடத்துள், 'இல்லை ஐயா, 641ஆல் வகுபடும்' என்றார். 'எவ்வாறு அறிந்தாய், தம்பி?' என்றோம். 'இதிலே வந்திருக்கிறது, ஐயா' என்றார்.

வகுப்பு நகைத்தது; யாமும் நகைத்தோம். வீடு சேர்ந்த பின்னர் நகைப்பு அகன்று வருத்தமே எஞ்சியது. என்னை? 'ஆம்' என்ற பலரும் 'இல்லை' என்ற ஒருவரும் உண்மையில் ஒரே நிலையில் நின்றவர்களே. முன்னவர் ஐந்து உதாரணங்களை நம்பினர். பின்னவர் ஒரு கருவியை நம்பினார். எண்ணைத் தொட்டுப் பார்த்தவர் எவருமிலர். அவர்களை நோவானேன்? யாம் கண்ட வினாத்தாள் ஒன்றில், இவ்வெண்ணின் காரணி யாது எனக் கேட்டு, '641' என எழுதுவார்க்கு ஒரு மதிப்பெண் அளித்திருந்தனர். அம்மூன்று இலக்கங்களை மனப்பாடம் செய்தவர்க்கும், வகுத்துக் கண்டவர்க்கும் அவ்வினாத்தாளில் வேற்றுமை இல்லை. கணிதம் பயிலும் ஒவ்வொரு மாணாக்கரும் இவ்வெண்ணை ஒருமுறையேனும் தம் கையாற் பகுத்துப் பார்த்தல் வேண்டும் என்பதும், அதற்கென வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கப்படல் வேண்டும் என்பதும் எம் கருத்து. இக்கருத்தை மறுப்பார் உளர். அவர்க்கு விடை கூறுமுன் எண்ணின் வரலாற்றைக் கூறுதல் முறை.

பிரான்சு தேசத்தின் தென்பகுதியிலுள்ள துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் அலுவல் பார்த்த பியேர் தெ பெர்மா என்பவர் கணிதத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். ஓய்வு நேரங்களில் எண்களை ஆராய்ந்து, கண்டவற்றை நண்பர்க்குக் கடித மூலம் தெரிவிப்பது அவர் வழக்கம். அவ்வாறு 1640இல் பிரெனிக்கிள் என்னும் நண்பருக்கு எழுதியபோது, மேலே கூறிய முறையில் 2ஐ வர்க்கத்தின்மேல் வர்க்கமாக்கி 1 கூட்டிச் சென்றால் வருவன யாவும் பகா எண்களே என்னும் தம் நம்பிக்கையை வெளியிட்டார். முழு நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைத்தாரல்லர். அது அவர் பெருமைக்குரியது. ஆனால் வகுத்திகள் பலவற்றை ஐயமறத் தள்ளிவிட்டதாகவும் உடன் எழுதினார். ஆண்டுகள் செல்லச் செல்ல ஐயம் தேய்ந்து நம்பிக்கை வளர்ந்தது போலும். 1659இல் எழுதிய கடிதமொன்றில், தாம் கண்ட நிரூபண முறையொன்றுக்கு உட்படும் கூற்றுகளுள் இதனையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். 1665இல் காலஞ்சென்றார்.

இதில் வியப்பு யாதெனின், இவ்வூகத்தை முறிக்கும் கருவி அவர் கையிலேயே இருந்தது. 2 அல்லாத பகா எண் ஒன்றை எடுத்து, அதில் 1 குறைத்து, வருகிற எண்ணை 2இன் அடுக்காகக் கொண்டு, அவ்வடுக்கை அப்பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 ஆகும் என்பது அவர் கண்ட தேற்றம். 7ஐ எடுப்பின், 2இன் 6ஆம் அடுக்கு 64. அதனை 7ஆல் வகுக்க மீதி 1. 11ஐ எடுப்பின், 2இன் 10ஆம் அடுக்கு 1024. அதனை 11ஆல் வகுக்க மீதி 1. இத்தேற்றத்தை அதே 1640ஆம் ஆண்டில், அதே பிரெனிக்கிளுக்கே அவர் எழுதியனுப்பினார். அதுவுமன்றி, இதே நெறியிற் சென்று 2இன் 37ஆம் அடுக்கில் 1 குறைந்த 137438953471 என்னும் பன்னிரண்டிலக்க எண்ணை அவ்வாண்டிலேயே பகுத்தும் காட்டினார். அவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும் 74இன் மடங்கோடு 1 சேர்ந்ததாகவே இருத்தல் வேண்டும். அத்தகைய பகா எண்களுள் முதலாவது 149, அது பொருந்தாது. அடுத்தது 223, எண் பிளந்தது. பன்னிரண்டிலக்கத்தை இத்துணை எளிதில் வென்றவர் பத்திலக்கத்தின் முன்னே தோற்றார்!

ஏன் தோற்றார் என்பதற்கு எமக்குத் தோன்றுவது ஈது. 137438953471 பகுபடினும் பகுபடாதொழியினும் அவர்க்கு இழப்பொன்றுமில்லை. 4294967297 அவ்வாறன்று, அது பகா எண்ணாகவே இருத்தல் வேண்டுமென அவர் உள்ளம் விரும்பிற்று. அயலார் கணக்கைச் சரிபார்க்கும் கண் வேறு. தம் கணக்கைச் சரிபார்க்கும் கண் வேறு. வகுத்தலில் எங்கோ தவறியிருப்பினும், விரும்பிய விடையே வந்தபின் மீண்டும் வகுத்துப் பார்க்கக் கை எழாது. இதனைப் பெரியோர்மேல் குற்றமாகச் சுமத்த யாம் எழுதினோமல்லோம். விடைத்தாள் திருத்துங்கால் எமக்கே இது நிகழ்வதுண்டு.

நிற்க. 1729ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கோல்ட்பாக் என்னும் அறிஞர், ருஷியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்த ஆய்லருக்குக் கடிதம் எழுதி, பெர்மாவின் இக்கூற்றை அறிவீரோ என வினவினார். ஆய்லர் முதலில் இதில் மிகுந்த ஊக்கம் காட்டினாரல்லர். கோல்ட்பாக் விடாது எழுதவே, அவர் கருத்து இதன்பாற் சென்றது. 1732இல், தம் 25ஆம் வயதில், 4294967297 என்பது 641ஆல் மீதியின்றி வகுபடும் என அவர் அறிவித்தார். ஆய்லர் மனக்கணக்கில் வல்லவர் என்பது உலகறிந்தது. அதுபற்றியே, அவர் ஏதோ தெய்வீக ஆற்றலால் 641ஐக் கண்டுபிடித்தார் என்பதுபோலச் சிலர் எழுதுகின்றனர். இவ்வாறு எழுதுவது மாணாக்கர்க்குப் பெருந்தீங்கு என்போம். அவர் சென்ற வழியைப் பின்னாளில் தாமே விளக்கி எழுதியுள்ளார். அவ்வழியில் நாமும் நடக்கலாம். ஆகவே அதனை ஈண்டுச் சற்று விரித்துரைப்போம்.

4294967297ஐ மீதியின்றி வகுக்கும் பகா எண் ஒன்று உண்டெனக் கொள்வோம். அப்பகா எண்ணால் 2இன் 32ஆம் அடுக்காகிய 4294967296ஐ வகுத்தால், சரியாக வகுபடுவதற்கு ஒன்று குறைபடும். அம்மீதியைக் 'குறை 1' எனக் குறிப்போம். அதனை வர்க்கமாக்கி 64ஆம் அடுக்குக்குச் சென்றால், குறை 1ஐக் குறை 1ஆற் பெருக்க 1 வருமாதலின், மீதி 1 ஆகும். இனி, 2இன் அடுக்குகளை ஒவ்வொன்றாக வகுத்து மீதிகளை வரிசையாக எழுதிச் சென்றால், அவை செக்குமாடு போலச் சுற்றி வருவதைக் காணலாம். 1 என்னும் மீதி வந்தவுடன் பழைய வரிசையே மீளவும் தொடங்கும். 64ஆம் இடத்தில் 1 வருதலின், இச்சுற்றின் நீளம் 64ஐ மீதியின்றி வகுப்பதாதல் வேண்டும். 32ஆம் இடத்திலோ 1 வாராமற் குறை 1 வந்தது. ஆதலின் 32, 16, 8 முதலிய சிறிய நீளங்களுள் எதுவும் சுற்றின் நீளமாயிருத்தல் இயலாது. எனவே சுற்று சரியாக 64 அடி நீளமுடையது. பெர்மாவின் தேற்றப்படி, பகா எண்ணில் 1 குறைந்த இடத்திலும் மீதி 1 வந்தாக வேண்டும். ஆகவே அவ்விடம் 64இன் மடங்கே. நாம் தேடும் பகா எண், 64இன் மடங்கோடு 1 சேர்ந்தது என்பது இதனாற் பெறப்பட்டது. பெர்மாவின் ஊகத்தைப் பெர்மாவின் தேற்றமே முறிக்கின்றது.

இனி எண்ணிக்கை எவ்வளவு சுருங்கியதெனப் பார்ப்போம். யாதொரு தேற்றமும் அறியாது 2, 3, 5, 7 எனப் பகா எண்களால் வரிசையாக வகுத்துச் சென்றால், 641 வருவது 116ஆம் முறையில். எண் பகா எண்ணே என நிலைநாட்ட வேண்டுமாயின் 65536க்கு உட்பட்ட 6542 பகா எண்களாலும் வகுத்தாக வேண்டும். மேற்கண்ட முறையிலோ, 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்பனவற்றுள் பகா எண்களை மட்டும் சோதித்தாற் போதும். அவை 193, 257, 449, 577, 641 என்னும் ஐந்து. முதல் நான்கும் முறையே 109, 2, 325, 288 என மீதி தருவன. ஐந்தாவதில் மீதியில்லை. ஐந்து வகுத்தலுக்கு அரை மணி நேரம் போதும். அதுவும் நிதானமாகச் செய்வார்க்கு.

641ஆல் வகுக்குங்கால் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டுகிறோம். 4294இல் 641 ஆறு முறை போக மீதி 448. அடுத்த இலக்கத்தை இறக்க 4489; ஏழு முறை போக மீதி 2. பின்னர் 26, 267 என இரண்டிடங்களில் ஒருமுறையும் போகாது. ஈவில் இரண்டு பூச்சியங்கள் இட வேண்டும். பின்பு 2672இல் நான்கு முறை, மீதி 108. 1089இல் ஒருமுறை, மீதி மீண்டும் அதே 448. இறுதியில் 4487, சரியாக ஏழு முறை. ஈவு 6700417. முதலில் வந்த மீதியே இறுதிக்கு முன்னும் வந்து நிற்பதும், முடிவில் ஒன்றும் எஞ்சாது தீர்வதும் கைப்பட வகுத்தவர்க்கே கிட்டும் இன்பம். விடையை மட்டும் கண்டவர்க்கு அஃதில்லை.

இதனினும் குறுகிய வழி ஒன்றுண்டு. பத்திலக்க எண்ணை எழுதவே வேண்டுவதில்லை. 65536ஐ 641ஆல் வகுக்க மீதி 154. 154இன் வர்க்கம் 23716. அதனோடு 1 கூட்ட 23717. இது 641ஐ 37ஆற் பெருக்கியது. கணக்கு முடிந்தது! இன்னும் ஒருபடி மேற்சென்றால் வகுத்தலே வேண்டா. 641 என்பது 5ஐ 128ஆற் பெருக்கி 1 கூட்டியதும் ஆகும். 625ஓடு 16 கூட்டியதும் ஆகும். 128 என்பது 2இன் 7ஆம் அடுக்கு. 625 என்பது 5இன் 4ஆம் அடுக்கு. 16 என்பது 2இன் 4ஆம் அடுக்கு. முதலாவதனால், 5ஐ 128ஆற் பெருக்கியதற்கு மீதி குறை 1. அதனை நான்கு முறை தன்னோடு பெருக்க, 625ஐ 2இன் 28ஆம் அடுக்காற் பெருக்கியதற்கு மீதி 1. இரண்டாவதனால், 625க்குப் பதிலாகக் குறை 16ஐ இடலாம். 16ஐ 2இன் 28ஆம் அடுக்காற் பெருக்க வருவது 2இன் 32ஆம் அடுக்கு. ஆகவே 32ஆம் அடுக்குக்கு மீதி குறை 1. 1 கூட்ட ஒன்றுமில்லை. நான்கு வரியில் அடங்கும் இந்நிரூபணம் மிக அழகியதே. ஆயினும் மாணாக்கர்க்கு இதனை முதலிற் காட்டுதல் கூடாதென்பது எம் எண்ணம். 641ஐ முன்னரே அறிந்தவர்க்கன்றி இது தோன்றாது. தேடிக் கண்டவர்பின் இதனைக் கண்டால் மகிழ்ச்சி. தேடாதவர்க்கோ இது செப்பிடு வித்தை.

காரணிகளின் அமைப்பை லூக்கா என்னும் பிரெஞ்சு அறிஞர் 1878இல் மேலும் செப்பஞ் செய்தார். 64இன் மடங்கன்று, 128இன் மடங்கோடு 1 சேர்ந்ததே காரணியாகும் என்றார். அதன்படி முன்னைய ஐந்தில் எஞ்சுவன 257, 641 என்னும் இரண்டே. அவற்றுள்ளும் 257ஐ வகுக்காமலே தள்ளலாம். 3, 5, 17, 257, 65537 ஐந்தையும் ஒன்றோடொன்று பெருக்கினால் 4294967295 வரும். அதனோடு 2 கூட்டியதே நம் எண். அவ்வைந்துள் எதனால் வகுத்தாலும் மீதி 2 என்பது கண்கூடு. இவ்வரிசையில் எவ்விரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி இல்லை என்பதைக் கோல்ட்பாக் அன்றே கண்டிருந்தார். ஆக, எல்லாத் துணைகளையும் கொண்டு புறப்படுவார்க்கு முதல் வகுத்தலிலேயே எண் பிளந்துவிடுகிறது.

அப்பெருக்குத் தொகைக்கு வேறொரு பெருமையும் உண்டு. கவராயமும் கோடிழுக்கும் கோலும் மட்டும் கொண்டு 17 பக்கமுள்ள ஒழுங்கு பலகோணத்தை வரையலாம் என 19 வயது நிரம்பாத காஸ் 1796இல் கண்டார். இவ்வரிசையிலுள்ள பகா எண்களே அத்தகைய வரைதலுக்கு இடந்தருவன என்பது அவர் ஆராய்ச்சியால் விளங்கியது. வேறெவையும் இடந்தரா என்பதை வாண்ட்செல் 1837இல் நிறுவினார். அறிந்த அளவில், ஒற்றைப்படைப் பக்கங்களுடைய பலகோணங்களுள் இவ்வாறு வரையத்தக்க மிகப் பெரியது 4294967295 பக்கமுடையது. அதனினும் இரண்டே பக்கம் மிகுந்த 4294967297 பக்கமுடையதை வரைதல் இயலாது. 641 குறுக்கே நிற்கிறது.

இனி மறுப்பார்க்கு வருவோம். எம் நண்பரொருவர், கணிப்பொறி வந்த பின்னும் கையால் வகுக்கச் சொல்வது, ரயில் வந்த பின்னும் காசிக்கு நடந்தே போகச் சொல்வது போலும் என்றார். உவமை நன்று. ஆனால் ரயிலேறியவர் காசியை அடைந்து கங்கையிற் குளிக்கிறார். கைப்பேசியில் 641ஐக் கண்ட மாணாக்கர் இருந்த இடத்திலேயே இருந்தார். மேலும் கருவிக்கும் எல்லையுண்டு. 32 இருநிலை இடங்களில் முழு எண்ணை வைத்துக் கொள்ளும் பொறியில் அடங்கும் மிகப் பெரிய எண், மேலே கூறிய அதே 4294967295 ஆகும். நம் எண் அதனுள் அடங்காது வழிந்து, 1 என்னும் உருவோடு எஞ்சி நிற்கும். அந்த 1ஐ மெய்யென நம்பி மேற்கணக்கைத் தொடர்வார் கதி என்னாம்? இவ்வெல்லையை உணர்த்துவது கருவியன்று. அதனைப் பயன்படுத்துவார் அறிவே. கணிப்பொறிகளை யாம் வெறுப்பவரல்லோம். இணைய வழிப் பணமாற்றத்தைக் காக்கும் மறைகுறி முறைகளில் 65537 என்னும் எண் இன்று பரவலாக வழங்குகிறது. பேரெண்களைப் பகுத்தல் எளிதன்று என்பதே அம்முறைகள் சிலவற்றுக்கு அரண். அவ்வரண் எத்தகையது என்பதைச் சிறிய எண்ணொன்றையேனும் பகுத்துப் பார்த்தவரே உணர்வர்.

கையின் ஆற்றல் எத்துணையென்பதற்கு ஒரு சான்று கூறலாம். வரிசையில் அடுத்த எண், 2இன் 64ஆம் அடுக்கோடு 1 கூட்டிய 18446744073709551617. சதுரங்கக் கட்டங்களில் நெல்மணிகளை இரட்டித்து வைத்த கதையை அறியாதார் இலர். அம்மணிகளின் தொகையினும் இது இரண்டே மிகுதி. இதனை 274177 வகுக்கும் என்று கிளாவுசன் 1855இல் கடிதமொன்றில் குறித்தார். அது பலரறிய வெளிவரவில்லை. 1880இல், எண்பது வயதைக் கடந்த லாண்டிரி என்னும் பிரெஞ்சு முதியவர் தாமே முயன்று அதனைக் கண்டார். 256இன் மடங்கோடு 1 சேர்ந்த எண்களை வரிசைப்படுத்தினால் 274177 வருவது 1071ஆம் இடத்தில். அதற்கடுத்த எண் கணிப்பொறியின் துணையால் 1970இல்தான் பகுபட்டது.

இன்று காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. இவ்வரிசையை அறிஞர் பூச்சியத்திலிருந்து எண்ணுவர்; அம்முறைப்படி நம் எண் ஐந்தாவது. 5 முதல் 32 வரையுள்ள அனைத்தும் பகு எண்களே என இதுவரை அறியப்பட்டுள்ளது. அவற்றுள் 20ஆவதும் 24ஆவதும் பகு எண்கள் என்பது திண்ணமாயிருந்தும், அவற்றின் காரணி ஒன்றேனும் இன்னும் கிட்டவில்லை. ஆதலின், முதல் ஐந்தினும் வேறாக இவ்வரிசையில் பகா எண்ணே இல்லை என அறிஞர் பலர் கருதுகின்றனர். இதற்கும் நிரூபணம் இல்லை. பெர்மா ஐந்தைக் கண்டு எல்லாம் பகா எண்கள் என்றார்; நாம் இருபத்தெட்டைக் கண்டு எஞ்சியவை எல்லாம் பகு எண்கள் என்கிறோம். எண்கள் பெருகப் பெருகப் பகா எண்கள் அருகுதலின், இவ்வூகத்துக்குப் பெர்மாவின் ஊகத்தினும் வலுவான காரணம் உண்டென்பதை ஒப்புக்கொள்வோம். ஆயினும் அது ஊகமே. 33ஆவது எண்ணோ 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களை உடையது. அதன் இயல்பு இன்றளவும் முடிவு செய்யப்படவில்லை. அதனைக் கையால் வகுக்கச் சொல்லும் அளவுக்கு யாம் மூடரல்லோம்.

மேசைக்கடியில் கைப்பேசியை நோக்கிய மாணாக்கரைப் பற்றி ஒரு சொல். அவரைக் கடிந்துகொள்ளாது, மறுநாள் 641ஆல் வகுத்து எழுதி வருமாறு கூறினோம். எழுதி வந்தார், ஈவு 670417 என்றிருந்தது. யாம் ஒன்றும் கூறாது, 'பெருக்கிப் பார், தம்பி' என்றோம். அங்கேயே நின்று பெருக்கினார். 429737297 வந்தது. ஒன்பது இலக்கங்களே உள்ளன என்பதைச் சிறிது நேரம் உற்று நோக்கியிருந்து, 'ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டேன், ஐயா' என்றார். யாம் சுட்டிக் காட்டாமலே அவர் கண்ட முதற்பிழை அதுவெனத் தோன்றுகிறது.

இரண்டு நாள் கழித்து அவரே வந்து, 6700417 என்னும் ஈவு பகா எண்தானா என வினவினார். கைப்பேசியிற் பார்த்தாயோ என்றதற்கு, 'பார்க்கவில்லை' என்றார். அதற்கும் அதே நெறிதான். 128இன் மடங்கோடு 1 சேர்ந்த பகா எண்களை 2588 வரை சோதித்தாற் போதும். 257ஐ ஒழித்தால் அவை 641, 769, 1153, 1409 என்னும் நான்கே என்று கூறியனுப்பினோம். வார இறுதியில் நான்கு வகுத்தல்களையும் தெளிவாக எழுதிக் கொணர்ந்தார். மீதிகள் 44, 120, 334, 622. எம் குறிப்பேட்டில் மூன்றாவது மீதி 343 என்றிருந்தது. அவரை அமரச் செய்து, அவர் முன்னிலையிலேயே 1153ஆல் மீண்டும் வகுத்துப் பார்த்தோம். அவர் எழுதியதே சரி.